குழந்தையின் தட்டும் பெரியவர்களின் நாக்கும்

நம்மிடையே நலம் விசாரிப்பது என்பது பெரும்பாலும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதுதான். "என்ன, இளைச்சுட்டியே?" என்பார் ஒருவர். "நல்லா பூசினாப்ல ஆயிட்டே" என்பார் இன்னொருவர். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் சித்தப்பாவுக்கும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமரும் பெரியம்மாவுக்கும் பேச்சைத் தொடங்க இதைவிட எளிதான வழி கிடையாது. இதை அன்பு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அன்புதான், மறுக்கவில்லை. அந்த அன்பு எட்டு வயதுக் குழந்தையின் காதில் என்னவாக விழுகிறது என்பதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கடுமையின் முதல் பங்கு எனக்கே உரியது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் மகளை நான் 'போண்டா' என்று கூப்பிட்டு வந்தேன். கன்னம் உப்பிய மூன்று வயதில் வைத்த பெயர். திருமுல்லைவாயிலில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலிலேயே "போண்டா எங்கே?" என்று குரல் கொடுப்பேன். அவளும் ஓடிவருவாள். அவளுடைய அப்பாவுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அக்காவும் வேலைக்குப் போகிறவள். பாட்டிதான் பார்த்துக்கொண்டாள். வசதியும் வறுமையும் அல்லாத, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற வீடு. அந்த வீட்டில் பத்து வயதில் அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றாள். பாட்டி பெருமைப்பட்டாள். பிறகு ராத்திரிச் சோறு வேண்டாம், வயிறு 'திம்'மென்று இருக்கிறது என்றாள். டிபன் பாக்ஸ் காலியாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது பள்ளி வேன் நிற்கும் இடத்தில் ஒரு நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒருநாள் அலமாரியைச் சுத்தம் செய்த அக்கா, பழைய பள்ளி சாக்ஸுக்குள் காய்ந்து கல்லாகிப் போன இட்லித் துண்டுகளைக் கண்டெடுத்தாள். எலி இழுத்து வந்திருக்கும் என்றே முதலில் நினைத்தாளாம்.

அதன்பின் நடந்தது நம் எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடியதே. கண்ணேறு என்றார்கள், மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். வயிற்றுப் பூச்சி என்று குடல்புழு மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி தொடங்கியதும் வயிற்று மருத்துவரிடம் போனார்கள். அவர் ஸ்கேன் எடுத்தார், குழாய் விட்டுப் பார்த்தார், புண் எதுவும் இல்லை என்றார். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. இதற்கிடையில் அவள் செல்பேசியில் ஓயாமல் சமையல் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். தம்பிக்குத் தானே தோசை வார்த்து, அவன் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். "இப்பவே சமையல்ல என்ன ஆர்வம் பாரு" என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பார்த்த குழந்தைகள்நல மருத்துவர், ஒரு பெண்மணி, காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல யாராவது இவளை குண்டுன்னு சொல்வீங்களா?" அறையில் இருந்த நாங்கள் நால்வரும் சிரித்துவிட்டோம். யார் சொல்லவில்லை? அப்போது அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள், அதனாலும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இதை ஓர் இலக்கிய நண்பரிடம் சொன்னபோது அவர், "இதெல்லாம் மேட்டுக்குடி வியாதி. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் சோறு வேண்டாம் என்பது ஒரு நோயா?" என்றார். முற்போக்கான நண்பர், பசியைப் பற்றி நல்ல கதைகள் எழுதியவர். அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமல்ல. நம் எழுத்தாளர்களில், ஆசிரியர்களில், ஏன் மருத்துவர்களிலும் பலர் உள்ளுக்குள் நினைப்பது இதைத்தான். அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 1920இல் நீதிக்கட்சியின் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. நூறாண்டுகளாகப் பசியோடு போராடிய நிலம் இது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இந்தப் போராட்டம் நமக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் கற்றுத் தந்திருக்கிறது: "சாப்பிட்டியா?" சோறு இல்லாததால் சாப்பிடாத குழந்தையை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். சோறு எதிரே இருந்தும் சாப்பிட முடியாத குழந்தை நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அது அடம், கொழுப்பு, செல்லம் என்று மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

இறக்குமதி என்பதையும் பார்ப்போம். சென்னை மனநல மருத்துவர் டி.என்.ஸ்ரீனிவாசனும் சகாக்களும் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1995இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. மேலைநாட்டு வரையறைக்கு முழுதாகப் பொருந்தாவிட்டாலும், உணவையும் எடையையும் பற்றிய அலைக்கழிப்பு 14.8 சதவீதம் பேரிடம் இருந்தது. 1995 என்பதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராம் பிறக்கப் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் தங்களிடம் வந்த குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றி 2007இல் எழுதினார்கள். உண்ணுதல் கோளாறு என்று கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருந்தது மனம் காரணமான வாந்தி. அனரெக்சியா எனப்படும் உண்ணாநோய் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு. என் அக்காள் மகள் வயிற்று மருத்துவரிடம் ஏன் அத்தனை மாதங்களைக் கழித்தாள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நம் குழந்தைகளின் மனம் வயிற்றின் வழியாகத்தான் பேசுகிறது. 'எனக்குக் குண்டாகிவிடுவோமோ என்று பயம்' என்று நம் பிள்ளைகள் சொல்வதில்லை. 'வயிறு வலிக்குது, ஒமட்டுது, பசிக்கல' என்கிறார்கள்.

ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் இதையே கண்டார். 1993இல் அவர் விவரித்த 70 சீன நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கொழுப்பைப் பற்றிய அச்சமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். ஆக, நோய் மேற்கின் சொத்து அன்று. அதற்கு மேற்கு கொடுத்த விளக்கந்தான் மேற்கின் சொத்து. நாம் அந்த விளக்கத்தைத் தேடினோம், காணவில்லை, நோயே இல்லை என்று முடிவு கட்டினோம்.

மேற்கிலிருந்து எதுவுமே வரவில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டே அங்குள்ள பள்ளிப் பெண்களிடம் கேள்விகள் கேட்டார், 1998இல் மீண்டும் போய்க் கேட்டார். உணவு பற்றிய கோளாறான மனநிலையைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர் 1995இல் ஒருவர்கூட இல்லை, மூன்றே ஆண்டில் 11.3 சதவீதம். இத்தனைக்கும் பருத்த உடம்பை அழகென்றும், இளைப்பதைக் குடும்பத்துக்கு வந்த இழுக்கென்றும் கருதிய சமூகம் அது. நம் சமூகமும் அப்படித்தானே இருந்தது என்று சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். கொடியிடை, துடியிடை, நுண்ணிடை, மின்னிடை என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெண்ணின் இடுப்பை அளந்துகொண்டே வந்த மொழி நம்முடையது. புலவர்களுக்கு இடை 'உண்டோ இல்லையோ' என்று ஐயுறுவது ஒரு விளையாட்டு. மரபை இழுத்து வைத்து நவீனத்தை அடிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் காரைக்கால் அம்மையாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அம்பத்தூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடி, திருவள்ளூர் எல்லாம் தாண்டித் திருவாலங்காடு வரும். கணவன் விட்டுப் போனபின் அவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர் பாடியதாகச் சொல்லப்படும் ஊர். சியன்னா நகரத்துக் கேதரின் 1380இல் 33 வயதில் உண்ணாமல் மெலிந்து இறந்தார். அவரைப் போன்ற இத்தாலியத் துறவிகளை ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் 'புனித அனரெக்சியா' என்று 1985இல் ஒரு நூலில் அழைத்தார். அதைப் படித்துவிட்டு நம் அம்மையாருக்கும் அதே சீட்டை ஒட்டும் ஆர்வம் எனக்கு உவப்பாயில்லை. அம்மையார் தேர்ந்தெடுத்தார், அத்தேர்வைப் பாட்டாக்கினார், அவர் கேட்டதை இறைவனே கொடுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். சாக்ஸுக்குள் இட்லி ஒளித்த குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எனினும் அம்மையாரின் கதையில் ஒன்று என்னை உறுத்துகிறது. பிறர் பார்வைக்காகச் சுமக்கும் உடம்பு, அந்தப் பார்வை போனதும் வேண்டாத சுமையாகிறது என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

நம் வீட்டில் ஒரு பெண் குழந்தையின் உணவு வரலாற்றை யோசித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் சோறூட்டத் தொடங்குகிறோம். அதிலிருந்து ஐந்து வயதுவரை வீட்டின் ஒரே புலம்பல், "சாப்பிடவே மாட்டேங்கிறா." இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போகிறோம். நிலாவைக் காட்டினோம், பூச்சாண்டியைக் காட்டினோம். இன்று செல்பேசியைக் காட்டுகிறோம். குழந்தை திரையைப் பார்த்து வாய் பிளக்கும் கணத்தில் கவளத்தைத் தள்ளிவிடுகிறோம். பசித்தால் கேட்கவும் நிறைந்தால் நிறுத்தவும் ஓர் உயிருக்குத் தெரியும் என்பதை முதல் ஐந்து ஆண்டுகளில் விடாமுயற்சியோடு மறக்கடிக்கிறோம். கொழுகொழுவென்று இருந்தால் நமக்குப் பெருமை. நோஞ்சான் என்று யாராவது சொல்லிவிட்டால் தாய்க்கு அன்று தூக்கமில்லை.

பிறகு எட்டு, ஒன்பது வயதில் ஒருநாள், எந்த அறிவிப்பும் இல்லாமல், விதி தலைகீழாகிறது. அதே வாய், அதே கை. "இன்னொரு பூரியா? கொஞ்சம் குறைச்சுக்கோ. இப்படியே போனா நாளைக்கு யாரு கட்டிப்பா?" குழந்தை திகைத்து நிற்கிறது. நேற்றுவரை தின்றால் நல்ல பிள்ளை, இன்று தின்னாவிட்டால்தான் நல்ல பிள்ளை. இரண்டு கட்டளைக்கும் பொதுவான ஒன்றை மட்டும் அது சரியாகப் புரிந்துகொள்கிறது: தன் வாய் தன்னுடையது அன்று.

கூத்து அத்தோடு முடியவில்லை. பூப்பெய்தினால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வாயில் ஊற்றுகிறோம், இடுப்புக்குப் பலம் என்று. அந்த வயதில் உடம்பு தானாகவே கொழுப்பைச் சேர்க்கும், சேர்த்தே ஆக வேண்டும். பருவ வளர்ச்சியின் இயல்பு அது. மஞ்சள் நீராட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது மட்டும், "என்னடி இப்படி ஊதிட்டே" என்கிறோம். ஊட்டியவர் யார் என்று அந்த ஆல்பம் சொல்லாது.

அம்மாக்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதும் பிள்ளைகளின் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் விடியற்காலையில் நடைப்பயிற்சி போகும் பெண்கள் எத்தனை பேர்! போகட்டும், நல்லதுதான். திரும்பி வந்து கண்ணாடி முன் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை, பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொள்ளும் பெண் பார்க்கிறாள். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் லியேன் பர்ச் முதலானோர் ஐந்து வயதுச் சிறுமிகளிடம் 'டயட்' என்றால் என்ன என்று கேட்டு 2000இல் எழுதினார்கள். தாய் டயட் இருந்த வீட்டுச் சிறுமிகளுக்கு அது பற்றி அதிகம் தெரிந்திருந்தது. அதே குழுவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சங்கடமானது: மகளின் எடை பற்றிப் பெற்றோர் கவலைப்பட்ட வீடுகளில், அந்தக் குழந்தையின் உண்மையான எடை என்னவாக இருந்தாலும், அவள் தன்னைத் திறமை குறைந்தவளாக எண்ணினாள். உடம்பில் தொடங்கிய மட்டம் அறிவுவரை போய்விட்டது.

தமிழ்த் தாய்மார்கள் அனைவரும் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "புள்ளைங்க மிச்சம் வைக்கிறதைத் தின்னு தின்னுதான் நான் இப்படி ஆயிட்டேன்." உண்மைதான். எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் அடிச்சட்டியோடு உட்கார்ந்து, வீணாகக் கூடாதென்று மிச்சத்தை விழுங்குகிற பெண்ணின் சோகம் அது. அந்த வாக்கியத்தைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். நான் வைத்த மிச்சம் அம்மாவைக் கெடுத்தது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டைப் பற்றித் தரும் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் எடை குறைவு. வயதுவந்த பெண்களில் 40.4 சதவீதம் எடை கூடுதல். இந்த இரண்டும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. குழந்தைப் பருமனும் உண்மையான பிரச்சினைதான், நீரிழிவு நம் வாசலில் நிற்கிறது என்று மருத்துவ நண்பர்கள் எச்சரிப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கேலி செய்தால் பருமன் குறையும் என்பதற்கு யாராவது ஆதாரம் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். பிடித்த பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துத் தடுத்தால் குழந்தையின் வேட்கை கூடுகிறது என்றுதான் அதே பர்ச்சின் சோதனைகள் காட்டின.

நம் சினிமா இதில் என்ன செய்தது என்று தனிக் கட்டுரையே எழுதலாம். ஒரு நடிகரைக் 'குண்டு' கல்யாணம் என்றும் இன்னொருவரை 'ஓமக்குச்சி' நரசிம்மன் என்றும் பட்டியலில் போட்டே அழைத்த துறை அது. அவர்கள் திரையில் வந்து நின்றாலே சிரிப்பு, வசனம் தேவைப்படவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் பங்கெடுத்தவன். 2015இல் எடை குறைப்பு மையங்களின் மோசடியைச் சாட ஒரு படம் வந்தது. அனுஷ்கா அதற்காக உண்மையிலேயே எடை கூட்டி நடித்தார். படத்தின் பெயர் 'இஞ்சி இடுப்பழகி'. இடுப்பை விட்டுவிட்டு ஒரு பெயர்கூட வைக்க முடியவில்லை! இன்று அந்த வேலையைத் தொலைக்காட்சி நகைச்சுவை மேடைகள் செவ்வனே செய்கின்றன. குடும்பத்தோடு பார்க்கிறோம்.

பால்மாவில் கலக்கும் பானங்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. குழந்தை உயரமாக வேண்டும் என்ற ஏக்கத்தை எத்தனை ஆண்டுகள் விற்றார்கள்! 2024 ஏப்ரலில்தான் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய அங்காடிகளிடம் இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையிலிருந்து நீக்கச் சொன்னது. அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லையாம். நாற்பது வயதாகும் நாம் அதைக் குடித்து வளர்ந்தவர்கள், வளராதது பற்றி இன்றும் வருந்துகிறவர்கள். ஆண்பிள்ளைகள் இதற்குத் தப்பினார்கள் என்று எண்ண வேண்டாம். பதினைந்து வயதில் புரோட்டீன் பொடி டப்பாவோடு ஜிம்முக்கு அலையும் பையன்களின் வீட்டிலும் 'ஈர்க்குச்சி' என்று ஒரு மாமா கூப்பிட்டிருப்பார்.

பெற்றோர்தாம் குற்றவாளிகள் என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமா கூப்பிட்ட ஒரு பட்டப்பெயரால் மட்டும் இந்த நோய் வந்துவிடாது. அப்படியானால் தமிழ்நாட்டில் பாதிக் குழந்தைகள் படுத்திருக்க வேண்டும். பிறவிக்கூறு உண்டு, சுபாவம் உண்டு, பதற்றம் உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கு கணிசமானது என்று காட்டியிருக்கின்றன. எந்தக் குழந்தைக்குள் அந்த மருந்து காய்ந்து கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தீக்குச்சி உரசிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

நோய்க்கு அனரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்ட லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் இதைப் பற்றிப் பேசியபோது, இவர்களைக் கவனித்துக்கொள்ள மிகவும் தகுதியற்றவர்கள் உறவினர்களே என்ற கருத்தில் இருந்தார். அதே ஆண்டு பாரிஸில் லசேக் என்பவர், குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டே உபாயங்கள், கெஞ்சுவதும் மிரட்டுவதும், இரண்டையும் அது தீர்த்துவிடுகிறது என்று கவனித்தார். திருமுல்லைவாயில் வீட்டில் நான் பார்த்ததும் அதுதான். காலையில் "என் தங்கமில்லே, ஒரே ஒரு வாய்", இரவில் "இதை முழுங்கல, நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்." நூறாண்டுகள் மருத்துவம் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டிலேயே வைத்திருந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக்காரர்கள்தான் அதைத் திருப்பிப் போட்டார்கள். 1987இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், 19 வயதுக்குள் நோய் தொடங்கி 3 ஆண்டுகளைத் தாண்டாதவர்களுக்குக் குடும்பத்தையே சிகிச்சையின் கருவியாக்கியபோது நல்ல பலன் கிடைத்தது. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் பிள்ளை சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிட வைக்கும் பொறுப்பு தாய் தகப்பனுடையது, அவர்களுக்குப் பக்கபலமாக நாங்கள் நிற்போம் என்பது அதன் சாரம். பழி சுமத்தாமல் பொறுப்பைக் கொடுப்பது. எங்கள் மருத்துவரும் அந்த வழியில்தான் போனார். மூன்று வேளையும் இரண்டு சிற்றுண்டியும், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து, எடையைப் பற்றிப் பேச்சே இல்லாமல். அக்கா நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். எத்தனை வீட்டில் அது முடியும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

உண்ணாநோய் மனநோய்களிலேயே மிகுதியாக உயிர் குடிப்பவற்றுள் ஒன்று என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சமையல் காணொளிகளின் பொருளும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45இல், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் தாமாக முன்வந்த 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். போருக்குப் போக மறுத்த, உடலும் மனமும் திடமான இளைஞர்கள். சில மாதங்களில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவும் பிறர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தொடங்கினார்கள். பாட்டி கண்ட 'ஆர்வம்' பசியின் வேறொரு முகம்.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து உரக்கச் சொல்லி எழுதும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். மதிப்பெண் அட்டையில் கணக்குக்கும் அறிவியலுக்கும் கீழே உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள். பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம், அதிலும் தேறாமல் போகலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்று வளர்ச்சி வரைபடங்களைத் திருத்தி வெளியிட்டது. குழந்தையின் எடையை ஒற்றை எண்ணாகப் பார்க்கக் கூடாது, அதன் வயதோடும் முந்தைய எடைகளோடும் கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. அந்தக் கோட்டை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? போட்டிருந்தால் என் அக்காள் மகளின் கோடு கீழே திரும்பிய மாதத்தை ஓர் ஆசிரியையாவது கண்டிருப்பார். ஆண்டு விழாவில் ஒல்லியான பெண்களை முன்வரிசையிலும் மற்றவர்களைப் பின்வரிசையில் மரமாகவும் மலையாகவும் நிறுத்தும் நடன ஆசிரியர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

நண்பருக்குத் திரும்புகிறேன். பசியைப் பற்றி இவ்வளவு எழுதிய நம் இலக்கியம், ஏன் இந்தப் பசியைப் பற்றி எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். "அதில் வர்க்கம் இல்லையே" என்றார். ஷிப்ட் முடிந்து வந்து, மகளின் எதிரில் அமர்ந்து, ஒரு தோசையை நாற்பது நிமிடம் அவள் தின்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளியை அவர் பார்த்ததில்லை. எந்திரத்தை நிறுத்தவும் ஓட்டவும் தெரிந்த அந்த மனிதர், "இது எப்படி ஓடுதுன்னே புரியலை மாப்ளே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னதை அவர் கேட்டதில்லை.

அவளுக்கு இப்போது பதினான்கு வயது. தேறிவிட்டாள் என்கிறார் மருத்துவர், ஆனாலும் கவனம் வேண்டும் என்கிறார். வீட்டில் யாரும் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டிக்குத்தான் பழக்கம் போகவில்லை, பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். "வாங்க மாமா" என்கிறாள், காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், படிப்பைப் பற்றிப் பேசுகிறாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள்.

மற்றவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம். அக்கா சொன்னாள்.